கல்லைப் பெயர்த்தவர்களும் வீட்டைக் காத்தவர்களும்

புதுவைக் கடற்கரையைக் காணாத குடும்பம் நம் பங்கில் இருக்க முடியாது. வில்லியனூர் லூர்து அன்னையின் திருவிழாவுக்கோ, புதுவைப் பேராலயத்துக்கோ சென்றவர்கள் மாலையில் பிள்ளைகளோடு கடற்கரைக்கும் போய், காந்தியடிகள் சிலையருகே சற்று உட்கார்ந்து வருவது வழக்கம். அச்சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கருங்கல் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை நம் செஞ்சித் தூண்கள். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. செஞ்சியிலிருந்து தூண்கள் பெயர்க்கப்பட்டுப் புதுவைக்குப் போனது அந்தத் தொடர்பினால்தான்.

தூண்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடற்காற்றிலும் உப்பிலும் கம்பீரமாகவே நிற்கின்றன. ஆயினும் தூண் என்பது எதையேனும் தாங்குவதற்காகச் செய்யப்படுவது அன்றோ! இன்று அவை வானத்தைத்தான் தாங்குகின்றன. மண்டபத்தை விட்டுப் பிரிந்த தூணை வைத்துக்கொண்டு அந்த மண்டபத்தை மீண்டும் எழுப்ப ஒருவராலும் இயலாது.

இந்த மலரில் பங்கின் வரலாறும் ஆலயம் எழுந்த கதையும் இடம்பெறும்போது, வீடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. ஆலயத்தில் ஒரு பீடத்தை மாற்றுவதென்றால் பத்துப் பேர் கூடிப் பேசுகிறோம், பங்குத்தந்தையைக் கேட்கிறோம், ஆயர் இல்லத்தின் அனுமதி வருமட்டும் காத்திருக்கிறோம். வீட்டை மாற்றும்போதோ மேஸ்திரியும் டைல்ஸ் கடைக்காரருமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறார்கள்! விழா வருகிறது, விருந்தினர் வருகிறார்கள், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். தாத்தா கட்டிய வீட்டில் கொத்துளி விழுகிறது.

தாத்தா கட்டிய வீடு என்று சொல்வது பழங்கால நாட்டு ஓட்டு வீட்டையன்று. ஏறத்தாழ 1950-க்கும் 1975-க்கும் இடையில், நிலக்கடலையும் நெல்லும் கைகொடுத்த ஆண்டுகளிலும், வீட்டுக்கு ஒருவர் ஆசிரியர் வேலைக்கோ இரயில்வேக்கோ போன பின்னும் எழுந்த மெத்தை வீடுகளையே சொல்கிறோம். நேர்கோட்டு முகப்பு, சன்னலுக்கு மேல் நீண்ட சிமெண்டு சன்ஷேடு, மாடிப்படிக் கூண்டில் சிமெண்டு ஜாலி, கூடத்தில் மொசைக் தரை அல்லது காவி நிறச் சிமெண்டுத் தரை, சுவரின் உச்சியில் சிறு சிறு வெண்டிலேட்டர்கள், கைப்பிடிச் சுவரின் நடுவில் ஒரு சிலுவை, அதன் கீழ் கட்டிய ஆண்டு. இவற்றைப் பழைய பாணி என்று இன்று ஒதுக்குகிறோம். கட்டியபோது இவைதாம் புதுமை. ஐரோப்பாவில் முதல் உலகப்போருக்குப்பின், பூவேலையும் கொடிவேலையும் வேண்டாம், வீடு தன் வேலையைச் செய்தாலே அழகு என்று கிளம்பிய கட்டடக் கலையின் கடைசி அலை நம் சிற்றூர்த் தெருவரைக்கும் வந்து சேர்ந்ததன் அடையாளங்கள் அவை.

அந்த அலை நம் பக்கத்தில் முதலில் கரை தொட்ட இடம் எது தெரியுமா? அதே புதுவைதான்.

பாறையும் மகாலும்

அங்கே போகுமுன் நம் ஊரையே ஒரு கணம் பார்த்துக்கொள்வோம். தொண்டூரில் இன்றும் காணக்கூடிய மிகப் பழைய குடியிருப்பு ஒரு பாறைக் குகை. சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளும், அவற்றைச் செய்வித்ததைக் கூறும் தமிழ் பிராமி எழுத்துகளும் அங்கே உள்ளன. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழமையுடையவை. அந்த எழுத்தில் அகலூர்ப் பெயரும் வருகிறது என்பது அகலூரார் பெருமைப்பட வேண்டிய செய்தி. இத்தகைய குகைகளில், மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டுவது அக்கால வழக்கம். நம் வீட்டுச் சன்ஷேடின் அடியில் கொத்தனார் இழுத்துவிடும் சிறு நீர்க்கோடு செய்வதும் அதே வேலைதான்.

செஞ்சிக் கோட்டையின் கலியாண மகாலை எடுத்துக்கொள்வோம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாக அறைகள், அடுக்கடுக்காக எழும் கோபுரம், நாற்புறமும் காற்று நுழையும் திறப்புகள், மேலடுக்குகளுக்குத் தண்ணீர் கொண்டு செல்ல மண் குழாய்கள். 1597-இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைத் தந்தை பிமெந்தா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரிதென்றும், போர்ச்சுக்கல்லில் லிஸ்பன் ஒன்றைத் தவிர வேறு நகரம் இதற்கு ஈடில்லை என்றும் வியந்து எழுதினார். 2025-இல் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. வெயிலையும் மழையையும் காற்றையும் கணக்கிட்டுக் கட்டுவது நமக்கு இறக்குமதியான அறிவன்று என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு புதுவைக்குப் போவோம்.

புதுவையின் கோல்கொண்ட்

புதுவையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியாகிய கோல்கொண்ட் 1930-களின் நடுவில் திட்டமிடப்பட்டு, 1937-இல் வேலை தொடங்கி, உலகப்போரின் தட்டுப்பாடுகளுக்கிடையே மெல்ல எழுந்து, 1940-களில் நிறைவு பெற்றது. பெயருக்குக் காரணம் இது: ஐதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி வாயிலாக வந்த ஒரு இலட்ச ரூபாய் நன்கொடையே இதற்கு மூலதனம். ஐதராபாத்துக்கு அருகிலுள்ள கோல்கொண்டாக் கோட்டையின் பெயரை வீட்டுக்கு இட்டார்கள்.

வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்து, அமெரிக்கா சென்று, தோக்கியோவில் தொழில் நடத்தியவர். ஆசிரமத்தில் இருந்த பவித்ரர் என்னும் பிரெஞ்சு அன்பர் முன்பு ஜப்பானில் வாழ்ந்தவராதலால் அந்தத் தொடர்பில் இவருக்கு அழைப்பு வந்தது. இவருடன் செக் நாட்டவரான சாமர் என்பவரும், ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜார்ஜ் நகஷிமாவும் வந்தனர். கத்தோலிக்கராகிய நமக்கு இந்தப் பெயர்கள் முற்றிலும் அந்நியமானவை அல்ல. ஜப்பானில் கருயிசாவா என்னும் மலையூரில் 1935-இல் கட்டிய புனித பவுல் ஆலயம் ரேமண்டின் படைப்பே. நகஷிமா பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற தச்சராகி, கியோத்தோ நகரின் கத்சுரா பகுதியில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தை வடிவமைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைவோம். நீண்ட முகங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. குறுகிய பக்கங்கள் மட்டுமே கிழக்கு மேற்கில் வெயில் வாங்குகின்றன. நம் ஊர்க் காலை வெயிலும் மாலை வெயிலும்தானே சுவரைச் சுட்டெரிப்பவை? அவற்றுக்கு அகப்படும் சுவர் இங்கே மிகக் குறைவு. நீண்ட முகங்களில் சன்னல் என்று தனியே கிடையாது. தரையிலிருந்து மேல்தளம்வரை கிடைமட்டத் தகடுகளின் வரிசை. கைப்பிடியைத் திருப்பினால் தகடுகள் திறக்கும், மூடும். மழைச்சாரல் வந்தால் மூடிக்கொள்ளலாம். காற்று வேண்டுமானால் திறந்துகொள்ளலாம். தெற்கே வரிசையாக அறைகள், வடக்கே நீண்ட நடை. அறைக்கும் நடைக்கும் இடையே உள்ள தேக்குக் கதவு பக்கவாட்டில் நகர்வது. அதன் சட்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்று முன்பின்னாக அமைந்திருப்பதால் கதவு சாத்தியிருந்தாலும் காற்று போகும், கண் போகாது.

இனி தோட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் அடர்ந்த நிழல், மறு பக்கம் திறந்த வெளி. நிழலில் காற்று குளிர்ந்திருக்கும், வெளியில் சூடேறி மேலெழும். அந்த வேறுபாட்டினால் காற்று வீட்டின் குறுக்கே தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும். மேலே இரட்டைக் கூரை. தட்டையான கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு வழி. வெயிலை மேல் ஓடு வாங்கிக்கொள்ள, கீழ்த்தளம் நிழலில் இருக்கும். தரைக்குக் கறுப்புக் கடப்பைக் கல். பித்தளைக் கீல்களும் கைப்பிடிகளும் ஆசிரமத்துப் பட்டறையிலேயே வார்த்தெடுக்கப்பட்டன.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், இந்த வீட்டில் எது அலங்காரம், எது வேலை செய்யும் உறுப்பு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதுதான். தகடுகள் பழசாகிவிட்டன என்று அவற்றை எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சன்னல் வைத்தால் காற்று நிற்கும். காற்று நின்றால் ஏசி வேண்டும். ஏசி வந்தால் நகரும் கதவின் இடுக்குகளை அடைக்க வேண்டும். தோட்டத்தைச் சிமெண்டு பூசிக் கார் நிறுத்தமாக்கினால் தெற்கும் வடக்கும் ஒன்றாகச் சூடேறும். சுவரும் தூணும் ஒன்றுகூட விழாது, வீடு மட்டும் இறந்துபோகும்.

கோல்கொண்டின் வரலாற்றில் பெரிதாகச் சொல்லத்தக்கது புதுப்பித்தல் அல்ல, பேணுதல். மோனா பிண்டோ அம்மையார் பல்லாண்டுகள் அதன் பொறுப்பில் இருந்து, தரை துடைப்பதிலிருந்து கதவைத் தள்ளும் விதம்வரை ஒழுங்கு வகுத்துக் காத்தார். தங்குவோரும் அந்த ஒழுங்குக்கு உட்பட்டே தங்கினர். வேண்டியவருக்கு வேண்டியபடி ஆணி அடிக்கும் உரிமை அங்கே இல்லை! கண்டிப்பு சற்று அதிகம் என்று தோன்றலாம். ஆனால் எண்பது ஆண்டு கடந்த கான்கிரீட் கட்டடம் ஒன்று, கடலுக்குச் சில தெருக்கள் தள்ளி, உப்புக்காற்றில், முதல் வடிவத்திலேயே நிற்கிறதென்றால் அந்தக் கண்டிப்பு வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கழற்றி மாட்டிய வீடு

எல்லா வீட்டுக்கும் இந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. கொழும்பு நகரில் ஆல்பிரட் பிளேஸ் என்னும் தெருவில் 1960-62 ஆண்டுகளில் ஒரு வீடு கட்டப்பட்டது. வீட்டுக்குரியவர்கள் ஒஸ்மன்ட் டி சில்வாவும் அவர் மனைவி ஏனா டி சில்வாவும். கணவர் இலங்கைக் காவல்துறையின் தலைவராயிருந்தவர். சட்டத்துக்குப் பொருந்தாதென்று தாம் கருதிய உத்தரவுக்குப் பணிய மறுத்ததால் 1959-இல் பதவி இழந்தவர். மனைவி பத்திக் துணிக்கலையில் பெயர் பெற்றவர். வீட்டை வரைந்தவர் ஜெப்ரி பாவா.

நவீனப் பாணி இல்லமென்றால் நாற்புறமும் கண்ணாடியும் நடுவில் கான்கிரீட் பெட்டியும் என்று நினைத்திருந்த காலம் அது. பாவா அதைத் திருப்பிப் போட்டார். தெருவுக்கு முதுகைக் காட்டி, உள்முற்றத்துக்கு முகத்தைக் காட்டும் வீடு கட்டினார். நடுவே பெரிய முற்றம், அதில் மரம். சுற்றிச் சிறு முற்றங்கள். ஓட்டுக் கூரையைத் தாங்கும் தூண்கள். சுவரில்லாமல் முற்றத்தோடு கலக்கும் கூடம். சிங்கள வளவு வீட்டின் முற்றமும் டச்சுக்காரர் வீட்டின் தாழ்வாரமும் இதில் உண்டு. ஆனால் அறைகள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் விதம் முற்றிலும் இருபதாம் நூற்றாண்டுக்குரியது. நம் பக்கத்து முற்றம் வைத்த வீடுகளை அறிந்த எவரும் அதில் நுழைந்தால் அந்நியம் உணரமாட்டார்.

பிற்காலத்தில் ஏனா அம்மையார் மாத்தளைக்கு அருகே தம் முன்னோர் ஊரான அலுவிகாரைக்குப் போய்விட்டார். சுற்றிலும் நகரம் உயர்ந்தது. ஒரு முற்ற வீட்டின் மடியை எட்டுமாடிக் கட்டடம் மேலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த முற்றம் என்னாகும்? கடைசியில் நிலம் அண்டையிலிருந்த மருத்துவமனைக்கு விலையாயிற்று. வீடு இடிபடும் நிலை. அப்போது பாவாவின் பெயரால் இயங்கும் அறக்கட்டளையினர் ஒரு துணிந்த காரியம் செய்தனர். வீட்டை அப்படியே அளந்து வரைந்து, ஒவ்வொரு தூணுக்கும் கதவுக்கும் தரைக்கல்லுக்கும் எண்ணிட்டு, அகழ்வாராய்ச்சிக்காரர் மண்ணைப் பிரிப்பதுபோல் பிரித்தெடுத்து, பெந்தோட்டை அருகே பாவாவின் சொந்தத் தோட்டமாகிய லுனுகங்காவுக்குக் கொண்டு சென்றார்கள். 2016-இல் அங்கே வீடு மீண்டும் எழுந்து நின்றது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஏனா அம்மையார் காலமானார்.

செங்கல்லும் பூச்சும் பெயர்த்தால் வராது. ஆதலால் சுவர்கள் புதிதாகக் கட்டப்பட்டன. மரமும் கல்லும் ஓடும் பழையவை, இடம் புதியது. அப்படியானால் அது அதே வீடா? அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நகர நெரிசலில் அமைதியை உள்ளே வைத்துக்கொள்ளப் பிறந்த வீடு, நான்கு பக்கமும் அமைதியே சூழ்ந்த தோட்டத்தில் நிற்கும்போது ஏதோ ஒன்று குறையத்தான் செய்யும். என் கருத்தில் இடம்பெயர்த்தல் கடைசி மருந்து. வேறு வழி முற்றிலும் அடைபட்டபின் கொடுக்க வேண்டியது. ஆயினும் செஞ்சித் தூண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தூண் போயிற்று, மண்டபம் போகவில்லை. இங்கே எண் போட்டதனால் முற்றமும் தாழ்வாரமும் தூணோடு சேர்ந்தே போயின.

கம்பி துருப்பிடித்த கதை

கான்கிரீட் என்றென்றும் நிற்கும் என்று நம் தாத்தாமார் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வந்த சோதனையை அகமதாபாத்தில் காணலாம். அங்கே இந்திய மேலாண்மைக் கழகத்தின் வளாகத்தை அமெரிக்கக் கட்டடக்கலை மேதை லூயி கான் 1960-களில் வடிவமைத்தார். செங்கல் வளைவுகளையும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் பட்டைகளையும் கொண்ட அழகிய கட்டடங்கள். ஆண்டுகள் ஆக ஆகச் செங்கல் வெடித்தது, காரை பெயர்ந்தது. 2001 பூகம்பமும் தன் பங்குக்கு உலுக்கியது. வளாகத்தின் நூலகத்தைக் கட்டடக்கலைஞர் பிருந்தா சோமையாவின் நிறுவனம் செப்பனிட்டுக் கொடுத்தது. அப்பணிக்கு 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2020 டிசம்பரில், மாணவர் விடுதிகள் பதினெட்டில் பதினான்கை இடிக்கப் போவதாக நிறுவனம் அறிவித்தது. உலகெங்குமிருந்து எதிர்ப்பு எழவே, 2021 புத்தாண்டு நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதன் பின்னும் விவாதம் ஓயவில்லை. பழுது உண்மை, மாணவரின் பாதுகாப்பும் உண்மை என்று நிறுவனம் சொன்னதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

அங்கே நடந்ததுதான் நம் வீட்டுச் சன்ஷேடிலும் நடக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. பல ஆண்டுகள் காற்றுப்பட்டு அந்தக் காரம் குறைகிறது. கீறல் வழியே தண்ணீரும் நுழைகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது மேலுள்ள காரையை நெம்பித் தள்ளும். அக்காலத்தில் கம்பிக்கு மேல் அரை அங்குலக் காரைகூட இல்லாமல் வார்த்துவிட்ட இடங்களில் இது சீக்கிரம் தெரியும். உதிர்ந்த இடத்தில் வெறும் சிமெண்டைக் குழைத்து அப்பினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் இன்னும் பெரிய துண்டாக விழும். தளர்ந்த காரையை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைப் பளிச்சென்று தேய்த்து, கம்பி மிக இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பிறகுதான் புதிய காரை வைக்க வேண்டும். தூணிலோ உத்திரத்திலோ கீறல் என்றால் மேஸ்திரி போதாது, பொறியாளரைக் கூப்பிட வேண்டும். நூலகத்துக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் நம் வீடுகள் இன்னும் முப்பது ஆண்டு நிற்கும்.

நம் மெத்தை வீடுகள்

நம் தெருவுக்கு வருவோம். இங்குள்ள வீடுகளை வரைந்தவர்கள் ரேமண்டும் அல்லர், பாவாவும் அல்லர். பெரும்பாலும் ஒரு மேஸ்திரி, ஒரு தச்சர், வீட்டுக்காரரின் மனக்கணக்கு. ஆனாலும் அவர்கள் கற்ற பாடம் அதே பாடம்தான்.

வெண்டிலேட்டரைப் பாருங்கள். அறையின் சூடான காற்று மேலெழுந்து வெளியேற விட்ட வழி அது. குருவி கூடு கட்டுகிறது, தூசி வருகிறது என்று செங்கல் வைத்து அடைத்துவிட்டு, இரவில் வெந்துபோகிறோம் என்று புலம்புகிறோம். கம்பி வலை அடித்தால் போதும். ஏசி வைத்தே தீரவேண்டும் என்றால் படுக்கையறை ஒன்றில் வைத்துக்கொண்டு, அங்கே மட்டும் திறந்து மூடக்கூடிய கதவு போடலாம். கூடத்தின் வழியை அடைக்க வேண்டாம்.

மாடித் தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகத் தொடங்கியதும் அதன்மேல் இன்னொரு சிமெண்டுத் தளம் போடுவது எளிய வழி. அடுத்த பத்தாண்டில் அதன்மேல் இன்னொன்று. தேக்கு உத்திரங்கள் தாங்கும் பழைய மெட்ராஸ் தளமாயின், அந்த உத்திரங்கள் இத்தனை பாரத்துக்கு ஏற்பட்டவை அல்ல. கெட்ட ஓட்டையும் கெட்ட ஜல்லியையும் எடுத்துவிட்டு, வாட்டம் பார்த்து மீண்டும் அடிப்பதே சரி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கையாட்கள் குறைந்துவிட்டனர் என்பது மெய்; முற்றிலும் இல்லாமற் போகவில்லை.

சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்குப் பிளாஸ்டிக் பெயிண்டு அடிப்பதும் அப்படித்தான். அந்தச் சுவர் அடியிலிருந்து ஈரம் வாங்கி மேலே மூச்சு விடும். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டே ஆண்டில் தோல் தோலாக உரியும். பிறகு பெயிண்டுக் கம்பெனியைத் திட்டுவோம்.

மொசைக் தரையை உடைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இயந்திரம் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் அறுபது ஆண்டு அழுக்கின் கீழே முதல் நாள் பூத்த நிறம் அப்படியே இருக்கும். அதன்மேல் புதிய டைல்ஸ் ஒட்டினாலோ தரை உயர்ந்து கதவின் அடியை அறுக்க வேண்டிவரும். கதவை அறுத்தபின் நிலைப்படி பொருந்தாது. நிலையையும் மாற்று என்பார்கள். இப்படித்தான் ஒரு தரை ஒரு வீட்டையே தின்றுவிடுகிறது.

ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைப் பற்றி மட்டும் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் அது அதிசயப் பொருள். அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று ஐயமற்ற உண்மை. பல நாடுகள் அதைத் தடை செய்தும் விட்டன. முற்றத்துச் சார்ப்பில் அப்படிப்பட்ட ஓடு இருந்தால் மூலவடிவம் என்று அதைக் காக்க வேண்டியதில்லை. உடைக்காமல், அறுக்காமல், நனைத்து முழுதாக இறக்கி, வேறு ஓடு போடுங்கள். பழைய வடிவத்துக்கு மரியாதை என்பது பழைய கேட்டுக்கு மரியாதை ஆகாது. மின்கம்பியும் அப்படியே. மரக்கட்டையில் ஓடும் பழைய ஒயரிங்கைப் படம் எடுத்துக்கொண்டு, தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

முதியவர்களுக்கு வீட்டுக்குள் கழிப்பறை வேண்டும். வாசற்படியில் கைப்பிடி வேண்டும். சமையலறையில் நின்று சமைக்க மேடை வேண்டும். இவற்றை எந்தக் கலைநயமும் மறுக்க முடியாது. எங்கே வைப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். முன்கூடத்தை வெட்டிக் குளியலறை கட்டுவதைவிடப் பின்தாழ்வாரத்தின் ஒரு மூலையைச் சுவர் வைத்து எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஒருவர் அச்சுவரை நீக்க விரும்பினால் பழைய தாழ்வாரம் அப்படியே வெளிப்பட வேண்டும்.

மேசை நாற்காலிகளையும் மறக்க வேண்டாம். சண்டிகர் நகரம் எழுந்தபோது பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கும் பிரம்புமான நாற்காலிகள் அலுவலகங்களில் பழசாகி, மூலையில் குவிந்து, கழிவுப் பொருளாக ஏலம் போயின. பின்னர் அவையே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கில் விலைபோயின. 2011-இல் மத்திய அரசு தலையிட்டு விற்பனைக்குத் தடை போடும் நிலை வந்தது. நம் வீட்டுச் சாய்வு நாற்காலிக்கு அந்த விலை வராது. பிரம்பு பின்னத் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் இரண்டு தலைமுறை அதில் சாய்ந்து செபமாலை சொல்லலாம்.

வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாதது. பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகளிடம் டேப்பும் நோட்டும் கொடுத்து, அறை அறையாக நீளமும் அகலமும் உயரமும் அளந்து எழுதச் சொல்லுங்கள். கதவு, சன்னல், ஜாலி, தரைப்பூ, கைப்பிடி ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய கதவுக்கும் கொக்கிக்கும் எந்த அறை என்று சாக்கட்டியால் எண் போடுங்கள். கொழும்பு வீட்டைப் பிரித்தவர்கள் செய்ததும் இதுதான். அவர்கள் சற்றுப் பெரிய அளவில் செய்தார்கள்.

கைப்பிடிச் சுவரின் சிலுவைக்கும் ஆண்டுக்கும் வருவோம். வெடிப்பு விட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் அடைத்து அதே எழுத்தில் சரி செய்யலாம். அழிக்க வேண்டாம். தாத்தா எழுதிய 1962-இன் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், இப்போது வேலை முடிந்த ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு அரை மணி நேர வேலை.